குடைமிளகாய் வயலில் வாழ்மையம்

ஸ்லாத்தினா பல்கேரியாவின் ஸ்ரெப்ரோவோவில் பிறந்தவள். அங்கேயே படித்து, அங்கேயே கல்யாணம் முடித்து, டான்யூப் ஆற்றைப் பார்த்தாற்போல் மூன்றாம் மாடியில் ஒரு வீட்டையும் வாங்கியவள். ஆனாலும் அவள் ஸ்ரெப்ரோவோக்காரிதானா என்ற விஷயத்தில் ஒரு முடிவுக்கு வர முடியாமல் ஓர் அரசுத் துறையே தூக்கம் கெட்டுக் கிடந்தது.

துறையின் பெயர் வாழ்மையத் தீர்மானத் துறை. ஒருவருடைய வாழ்க்கையின் மையம் எந்த நாட்டில் இருக்கிறது என்று முடிவுசெய்வது அதன் வேலை. ஒரு நாட்டில் வேலை பார்த்து இன்னொரு நாட்டில் குடும்பம் வைத்திருப்பவர்களுக்கு வேலை போய்விட்டால், குடும்பம் இருக்கும் நாட்டில் உதவித்தொகை கேட்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் சொல்கிறது. அங்கே உழைத்த வருடங்களை இங்கே சேர்த்துக்கொள்வார்கள். சட்டம் இவ்வளவு எளிதாக இருந்தால் ஜனங்கள் அதைப் பயன்படுத்திவிடுவார்கள் அல்லவா? அதற்காகத்தான் துறை.

ஸ்லாத்தினா ஆஸ்திரியாவில் ஒரு மலை ஹோட்டலின் சமையலறையில் வேலை பார்த்தாள். பனிச்சறுக்குக் காலத்தில் அங்கே, கோடையில் அங்கே, இரண்டுக்கும் நடுவில் கிடைத்த வாரங்களில் வீட்டில். இந்த வருடம் ஹோட்டல் கைமாறியது. வாங்கியவர் கட்டடத்தை இடிக்கச் சொல்லிவிட்டார். ஸ்லாத்தினா பெட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். உள்ளுக்குள் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட. அவள் கணவன் கென்கோவுக்கு நவம்பரில் இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சை. குளிர்காலம் முடியும்வரை பக்கத்தில் ஆள் இருந்தே ஆக வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். உதவித்தொகை கிடைத்தால் அந்த ஆள் அவளாக இருக்கலாம்.

கிடைக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது சலவைக்கூடம். பஸ் சிநேகிதி வெனெத்தா ஆஸ்திரியாவில் ஒரு சலவைக்கூடத்தில் அவளுக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். அக்டோபர் கடைசியில் வரும் புனித திமித்ரி நாள்வரை காத்திருப்பார்கள், அதற்கு மேல் மாட்டார்கள்.

துறையின் ஜன்னலுக்குப் பின்னால் சோன்கா உட்கார்ந்திருந்தாள். பள்ளியில் ஸ்லாத்தினாவுடன் ஒரே பெஞ்சில் இருந்தவள்.

"பெயர்?"

"சோன்கா, விளையாடுறியா?"

"பெயர் சொல்லுங்க."

"ஸ்லாத்தினா."

"எந்த ஊர்?"

"உன் ஊர்தான்டி. உன் கல்யாணத்துல தட்டுக் கழுவினதே நான்தான்."

"அது எனக்குத் தனிப்பட்ட முறையில தெரியும். அலுவலக முறையில தெரியாது. எங்க குடியிருந்தீங்க? அங்கயா, இங்கயா?"

"வேலை அங்க. வீடு இங்க."

"ரெண்டுல ஒண்ணு சொல்லணும்."

"ஒண்ணு சொன்னா பொய்யாயிடுமே."

சோன்கா பெருமூச்சு விட்டாள். உண்மை பேசுகிறவர்களுக்கென்று மாடியில் தனி அறை இருந்தது. அங்கே போகச் சொன்னாள். அதற்கு முன் எல்லாக் காகிதங்களுக்கும் நகல் எடுத்து வர வேண்டும். நகல் கடை எதிர்க் கட்டடத்தின் நிலவறையில். அதன் ஜன்னல் நடைபாதையில் முழங்கால் உயரத்தில் திறக்கும். வாடிக்கையாளர் மண்டியிட்டுத்தான் காகிதத்தை உள்ளே நீட்ட முடியும். துறைக்குப் போகிறவர்களுக்கு அது நல்ல பயிற்சி.

மாடியில் துறைத் தலைவர் எவ்லோகியேவ் இருந்தார். அன்பான மனிதர். வந்தவர்களை உட்காரச் சொல்வார். நாற்காலிதான் இருக்காது.

"வாழ்மையம்னா என்னன்னு தெரியுமாம்மா?"

"தெரியாது சார்."

"எங்களுக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா ஒரு குமாஸ்தா போதுமே. தெரியாததாலதான் ஒரு துறையே தேவைப்படுது." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்ணு மட்டும் நிச்சயம். வட்டத்துக்கு ஒரு மையம்தான். மனுஷனுக்கும் அப்படித்தான்."

"நான் வட்டமில்லையே சார்."

இதையும் சரிபார்க்க வேண்டியிருக்கலாம் என்பதுபோல் அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கேள்விகளை ஆரம்பித்தார்.

"உங்க குளிர்கோட்டு எங்க இருக்கு?"

"போட்டிருக்கேனே சார்."

"வாழ்மையம் உடம்போட நகருதுன்னு எழுதிக்கட்டுமா?"

"வேண்டாம் சார்."

"பல் வலிச்சா எங்க காட்டுவீங்க?"

"ஊருக்கு வர்ற வரைக்கும் பொறுத்துக்குவேன்."

"அப்போ வலி அங்க, வைத்தியம் இங்க. முடி எங்க வெட்டுவீங்க?"

"பஸ்ஸுல சார். கூட வர்ற வெனெத்தா வெட்டிவிடுவா. பொழுது போகணுமில்ல."

"வெட்டும்போது பஸ் எந்த நாட்டுல போய்க்கிட்டிருக்கும்?"

ஸ்லாத்தினா யோசித்தாள். பொய் சொல்லத் தோன்றவில்லை. "பெரும்பாலும் ஹங்கேரி."

எவ்லோகியேவின் முகம் மலர்ந்தது. மூன்றாவது நாடு ஒன்று கிடைப்பது அபூர்வம்.

"கனவு?"

"அங்க இருந்தா வீட்டுக்கு வர்ற மாதிரி கனவு வரும். வீட்ல இருந்தா, திரும்பிப் போற பஸ்ஸைத் தவறவிட்ட மாதிரி வரும்."

"ரெண்டையும் பயணத்துல சேர்த்துடுவோம்."

ஸ்லாத்தினா ஆஸ்திரியாவிலிருந்து வாங்கி வந்திருந்த கடிதத்தை நீட்டினாள். கணவனும் வீடும் பல்கேரியாவில் இருப்பதால் உங்கள் வாழ்மையம் பல்கேரியாவே, நலமாக இருங்கள் என்று அதில் எழுதியிருந்தது. எவ்லோகியேவ் அதைப் படித்துவிட்டு, குழந்தை வரைந்த படத்தைப் பார்ப்பதுபோல் சிரித்தார்.

"அவங்க காசு கொடுக்க வேண்டாம்னா, நீங்க நம்ம ஊருன்னுதான் அவங்க சொல்வாங்க. நாம கொடுக்க வேண்டி வந்தா, நீங்க அவங்க ஊருன்னுதான் நாம சொல்லணும். இதுல யார் மேலயும் யாருக்கும் கோபம் கிடையாதும்மா. இதுக்குப் பேர் நாடுகளுக்கிடையே ஒருங்கிணைப்பு."

"அப்போ யாருக்குத்தான் சார் கொடுப்பீங்க?"

"நல்ல கேள்வி. இந்தத் துறை ஆரம்பிச்ச நாள்லேருந்து ஒருத்தருக்குக்கூட நாங்க தப்பாக் கொடுத்ததில்லை. சரியாவும் கொடுத்ததில்லை. அதனாலதான் தப்பே நடக்கலை."

ஐந்து மணிக்கு அவள் கீழே இறங்கியபோது சோன்கா ஜன்னலைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள். வந்ததும் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "ஏய் ஸ்லாத்தி! எப்படி இளைச்சுட்டே! எப்போ வந்தே ஊருக்கு?"

அடுத்து சாட்சி தேவைப்பட்டது. அவள் இங்கேதான் குடியிருக்கிறாள் என்று அதே கட்டடத்தில் குடியிருப்பவர் சொல்ல வேண்டும். ஸ்லாத்தினா ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். முதல் மாடிக்காரர்கள் ஸ்பெயினில் ஆரஞ்சு பறித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் மாடி இங்கிலாந்தில். நான்காம் மாடி ஜெர்மனியில் கோழி வெட்டிக்கொண்டிருந்தது. மிச்சம் இருந்தது தரைத்தளத்துக் கிச்சோ மட்டும். கிச்சோவுக்கும் இவர்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

காரணம் முட்டைக்கோஸ். கட்டடத்தின் நிலவறையில் ஸ்லாத்தினா வீட்டுப் பீப்பாய் இருந்தது. இலையுதிர் காலத்தில் முழு முழு முட்டைக்கோஸாக அடுக்கி உப்புநீர் ஊற்றி மூடிவைத்தால் குளிர்காலம் முழுக்க வரும். ஆனால் சில நாட்களுக்கு ஒருமுறை நீரை அடியிலிருந்து இறக்கி மேலிருந்து ஊற்ற வேண்டும். அப்போது எழும் வாசனை நேராகப் படியேறி கிச்சோவின் கதவில்தான் போய் முட்டும்.

வேறு வழியில்லாமல் ஸ்லாத்தினா அவர் கதவைத் தட்டினாள். அவர் மறுப்பார் என்று நினைத்தாள். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். குறையைக் கேட்க ஓர் அதிகாரி கிடைப்பதற்காக அவர் வருடக்கணக்காகக் காத்திருந்தார்.

"இவ இந்த ஊரான்னா கேக்குறீங்க?" என்றார் எவ்லோகியேவின் மேசையைத் தட்டி. "அந்தப் பீப்பாய் நாத்தத்தை வருஷா வருஷம் நான்தான் சார் மோந்துக்கிட்டிருக்கேன்! ஆஸ்திரியாவுலேருந்தா அடிக்குது? இவ வந்து உப்புப் போட்டாத்தான் அந்த நாத்தம் வரும். இவ புருஷன் போட்டா அழுகிப்போயிடும், அது வேற நாத்தம்!"

எவ்லோகியேவ் நெகிழ்ந்துபோனார். இவ்வளவு உணர்ச்சியுள்ள சாட்சியம் துறைக்குக் கிடைத்ததில்லை. அங்கேயே தீர்ப்பை எழுதினார். பீப்பாய் ஸ்ரெப்ரோவோவின் நிரந்தரவாசி என்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிறது.

"அப்போ நான் சார்?"

"சாட்சி பேசினது பீப்பாயைப் பத்தி. உங்களை யாரும் மோந்து பார்க்கலையேம்மா."

திரும்பி வரும்போது கிச்சோ முறைப்பாகவே நடந்தார். "உனக்காக நான் ஒண்ணும் சொல்லலை. நாத்தத்தைத்தான் சொன்னேன்."

"தெரியும் அண்ணே. ரொம்ப நன்றி."

வீட்டைச் சோதனையிட சோன்கா வந்தாள். அலுவலக நேரத்தில் வந்ததால் "நீங்க" போட்டுப் பேசினாள். வாசலில் விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த செருப்பை மாட்டிக்கொண்டு அறை அறையாகப் போனாள். தலையணையைத் தொட்டுப் பார்த்தாள். பல் துலக்கும் பிரஷ் ஈரமாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். கென்கோ நாற்காலியில் இருந்தபடியே, "என்னையும் ஒரு தட்டு தட்டிப் பாருங்க, நான் நிஜப் புருஷன்தானான்னு" என்றான்.

"கணவர் ஒத்துழைக்கிறார்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே சோன்கா எழுதினாள். பிறகு சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தாள். "ஒரு காபி போடுங்க."

சோதனை அதுதான் என்பது ஸ்லாத்தினாவுக்குத் தெரியாது. அடுப்புக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்தாள். காபிப் பாத்திரம் எப்போதும் இருக்கும் இடம். உள்ளே ஒன்றும் இல்லை. அடுத்ததைத் திறந்தாள். செய்தித்தாள் கட்டு. மேலே இருந்ததைத் திறந்தாள். ஸ்பேனர்கள்.

"புத்தக அலமாரியில ஸ்லாத்தி" என்றான் கென்கோ. அவன் குரல் இறங்கியிருந்தது. "என்னால குனிய முடியலை. கையைத் தூக்கவும் ஒரு மாதிரி இருக்கு. அதான் வேணுங்கிறதை எல்லாம் நடு மட்டத்துல வச்சுக்கிட்டேன்."

காபியும் சர்க்கரையும் பாத்திரமும் டிக்‌ஷனரிகளுக்குப் பக்கத்தில் வரிசையாக இருந்தன. ஸ்லாத்தினா காபி போட்டாள். சோன்கா குடித்தாள். நன்றாக இருப்பதாகச் சொன்னாள். பிறகு எழுதினாள்: "விண்ணப்பதாரருக்குத் தன் சமையலறையில் வழி தெரியவில்லை."

அவள் போன பிறகு ஸ்லாத்தினா அலமாரிக் கதவுகளை ஒவ்வொன்றாக மூடினாள். ஆஸ்திரிய ஹோட்டலில் கண்ணை மூடிக்கொண்டே உப்பை எடுத்துவிடுவாள். அதை அவள் எவ்லோகியேவிடம் சொல்லவில்லை. கென்கோவிடமும் சொல்லவில்லை.

"நாளைக்கே எல்லாத்தையும் பழைய இடத்துல வச்சுடறேன்" என்றான் அவன்.

"வச்சுட்டு எப்படி எடுப்பே? சும்மா இரு."

முடிவைச் சொல்ல எவ்லோகியேவ் அவளை வரச் சொன்னார். சுவரில் பெரிய வரைபடம் மாட்டியிருந்தது. அதில் ஆணிகளும் நூல்களும். துறை இந்த வழக்கை அறிவியல் முறையில் அணுகியிருப்பதாக அவர் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை. ஸ்ரெப்ரோவோ பக்கம் பீப்பாய்க்கு முழு எடை. கணவனுக்கு அதைவிடக் குறைவு, ஏனென்றால் பீப்பாய்க்குச் சாட்சி இருந்தது. அதிலும் இடுப்புக்காகக் கொஞ்சம் கழிவு. ஆஸ்திரியா பக்கம் அவள் வேலை பார்த்த சமையலறை. ஹங்கேரி பக்கம் முடி.

"எல்லா நூலும் சந்திக்கிற இடம் இதுதான்" என்று அவர் குச்சியால் தொட்டார்.

"அது செர்பியா சார்."

"ஆமா. சமவெளி. விசாரிச்சோம், ஒரு குடைமிளகாய் வயல். வாழ்மையத்தை இவ்வளவு துல்லியமா வேற எந்த நாடும் கண்டுபிடிச்சதில்லை."

"நான் அங்க இறங்கினதே இல்லை சார். பஸ் அந்தப் பக்கமாப் போகும், அவ்வளவுதான்."

"இறங்காதது உங்க தப்பு." அவர் குரல் கொஞ்சம் கடுமையானது, உடனே கனிந்தது. "ஒரு சின்னச் சிக்கல். செர்பியா நம்ம ஒன்றியத்துல இல்லை. ஒன்றியத்துக்கு வெளிய வாழ்மையம் வச்சிருக்கிறவங்களுக்கு நாங்க எதுவும் செய்ய முடியாது. ஆனா கைவிடவும் மாட்டோம். வயல்காரருக்கு எழுதிக் கேட்டோம்."

பதிலும் வந்திருந்தது. அவர் அதைப் படித்துக் காட்டினார். அந்தப் பெயரில் பெண் யாரும் என் வயலில் இல்லை, இருந்தால் நன்றாக இருக்கும், மிளகாய் பழுத்துக் கிடக்கிறது, பறிக்க ஆள் இல்லை, உடனே அனுப்பவும் என்று எழுதியிருந்தார் வயல்காரர்.

எவ்லோகியேவ் எழுந்து நின்று அவள் கையைக் குலுக்கினார். "வாழ்த்துகள்! உங்க வாழ்மையத்துலேயே வேலை. யாருக்குக் கிடைக்கும்?"

"சார், நான் வேலை கேட்டு வரலை. நவம்பர்ல என் புருஷனுக்கு ஆபரேஷன். பக்கத்துல இருக்கணும். அவ்வளவுதான் நான் கேக்குறேன்."

"மறுக்கிறீங்களா?"

"மிளகாய் பறிக்க முடியாது சார்."

அவர் மெதுவாக உட்கார்ந்தார். முகத்தில் நிஜமான வருத்தம் இருந்தது. "இருப்பிடத்துக்குப் பக்கத்துல கிடைச்ச வேலையை மறுத்தவங்களுக்கு உதவித்தொகை கிடையாதும்மா. இது மட்டும் எல்லா நாட்டுலயும் ஒரே சட்டம். மேல்முறையீடு செய்யலாம். அவங்கவங்க வசிக்கிற இடத்துக் கிளையில."

"என் கிளை எங்க சார்?"

"உங்களுக்குக் கிளை கிடையாது. அது வயல்."

அன்று இரவு ஸ்லாத்தினா நடந்ததைக் கென்கோவிடம் சொன்னாள். அவன் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னான்.

"வெனெத்தாவுக்குப் போன் போடு."

"ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியுமான்னு கேளேன்."

"தள்ளிப்போட்டா நான் இந்த நாற்காலியோட சேர்ந்து ஒட்டிக்குவேன். போ ஸ்லாத்தி. ரெண்டு பேரும் வீட்ல உக்காந்து ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டு என்னத்தைச் சாப்பிடறது?"

கிச்சோ காலையிலும் மாலையிலும் எட்டிப் பார்ப்பதாகச் சொன்னார். பீப்பாயை மட்டும் தொடமாட்டேன் என்றார்.

புனித திமித்ரி நாளன்று பஸ் கிளம்பியது. ஸ்லாத்தினா பீப்பாய்க்கு உப்புப் போட்டுவிட்டுத்தான் ஏறினாள். மடியில் கென்கோ கட்டிக்கொடுத்த ரொட்டியும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் இருந்தன. செர்பியச் சமவெளியில், அறுவடை முடிந்த வயல்களுக்கு நடுவே பஸ் ஒரு திருப்பத்தில் மெதுவானது. பக்கத்து இருக்கையிலிருந்து வெனெத்தா அவள் விலாவில் இடித்தாள்.

"உன் ஊர் வந்துருச்சுடி. இறங்கலையா?"

ஸ்லாத்தினா சிரித்தாள். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெனெத்தா கையில் எடுத்திருந்த கத்தரிக்கோலைப் பைக்குள் திரும்ப வைத்தாள்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அந்தச் செய்தி அவளுக்குச் சலவைக்கூடத்தில் வந்தது. பிறகு தினமும் மதிய இடைவேளையில் போனைப் படுக்கைவிரிப்பு அடுக்கின் மேல் சாய்த்துவைத்துக்கொண்டு, மடித்தபடியே கென்கோவுடன் பேசுவாள். அவன் தன் போனை மேசையில் சர்க்கரை டப்பாவில் சாய்த்திருப்பான். ஊன்றுகோல் அவன் கைக்கு எட்டுகிறதா என்பதை மட்டும் அவள் முதலில் பார்த்துக்கொள்வாள்.

ஒருநாள் அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போது அங்கே அழைப்புமணி அடித்தது. "திறந்துதான் இருக்கு" என்று கென்கோ கத்தினான். சோன்கா உள்ளே வந்தாள். கழுத்தில் அட்டை, கையில் பலகை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ஸ்ரெப்ரோவோவில் ஆள் குறைந்துகொண்டே போவதால், இந்த முறை குறிப்பிட்ட எண்ணிக்கை தேறாவிட்டால் ஊரிலுள்ள அரசு அலுவலகங்களை மூடிவிடுவார்கள் என்று பேச்சு. வாழ்மையத் துறை உட்பட. அதனால் எவ்லோகியேவ் துறையில் எல்லோரையும் கணக்கெடுக்க இறக்கிவிட்டிருந்தார்.

"வீட்ல எத்தனை பேர்?" என்றாள் சோன்கா.

"நான் ஒருத்தன்தான்."

"ரெண்டு பேர். ஸ்லாத்தினாவும் இருக்காங்க."

"அவ ஆஸ்திரியாவுல துணி மடிக்கிறா. உங்களுக்குத் தெரியாதா?"

"வேலை அங்க. சரி. வீடு எங்க?"

"இங்க."

"புருஷன் எங்க?"

"இதோ உக்காந்திருக்கேன்."

"அப்புறம் என்ன? வேலைக்குப் போனா ஊர் மாறிடுமா? பொறந்து வளர்ந்தவங்களைப் போய் இல்லைன்னு சொல்ல முடியுமா? நான் அவகூட ஒரே பெஞ்சுல உக்காந்தவ."

ஸ்லாத்தினா மடித்துக்கொண்டிருந்த விரிப்பைப் போட்டுவிட்டுப் போனுக்குள் கத்தினாள். "சோன்கா! நான் வீட்ல இல்லடி! இல்லைன்னு எழுது!"

சோன்கா மேசைப் பக்கம் திரும்பினாள். அவள் முகம் திரை முழுக்க வந்தது. "பாருங்க, பேசறாங்க. குரல் வீட்டுக்குள்ளேருந்துதான் வருது." பிறகு வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள்: "மனைவி. வீட்டில் இருக்கிறார்."

திரையில் இப்போது கென்கோவின் தோளும் நாற்காலியின் கைப்பிடியும் மட்டும் தெரிந்தன.

"இருக்காளா?" என்றான் அவன். "ரொம்ப நல்லது. அப்போ அவளைக் கொஞ்சம் கூப்பிடுங்க. நான் எந்திரிக்கணும். வந்து ஒரு கை கொடுக்கச் சொல்லுங்க."